உளுந்தஞ்சோறும் நாலு காலும்

செத்தவருக்கு இலை போட்டாயிற்று. உயிரோடு இருக்கிறவளை நாற்காலியோடு கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள்.

"எம்மா, அங்கனயே இரி. கையை நீட்டிராத."

"கை எட்டுத தூரத்துலயா என்னைய வச்சிருக்க?"

சங்கரவடிவுக்கு நூற்றுப் பத்தொன்பது வயது. கை நீட்டாதே என்று சொன்ன மகள் சுஷ்மிதாவுக்குத் தொண்ணூற்று நாலு. படத்துக்குள் மாலையோடு சிரிக்கிற சிதம்பரநாதன் மட்டும் எண்பத்து மூன்றிலேயே நின்றுகொண்டார். வருஷா வருஷம் தெவசத்தன்று அவருக்குப் பிடித்ததெல்லாம் இலைக்கு வந்துவிடும். உளுந்த வடை, சேப்பங்கிழங்கு வறுவல், அவியல், பால் பாயசம்.

"பாயசத்துல முந்திரி கெடக்கு பாரு. உங்க அப்பாவுக்குப் பிடிக்காது. எடுத்துரு."

"செத்துப்போனவருக்கு என்னம்மா தெரியப்போவுது?"

"அப்பம் எதுக்குட்டி அவருக்கு இலை? தெரியுதவளுக்குப் போடு."

சுஷ்மிதா சூடம் காட்டினாள். மொட்டை மாடிக்குப் போய்க் காக்கைக்கு வைத்துவிட்டு வந்தாள். பிறகு பேரன் வீட்டாரோடு வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டாள். மூன்று வடை. பாயசம் இரண்டு தரம். அம்மாவுக்கு மதியத்துக்கான பையைக் கத்தரித்து வாயில் பிதுக்கினாள். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு மாவு. அலுவலகத்தில் அதற்குச் சமச்சத்து என்று பெயர். வீடுகளில் சுண்ணாம்பு என்பார்கள். நாற்பது வருஷமாக சங்கரவடிவு தின்பது அதைத்தான்.

எண்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கழுத்தெலும்புக்குக் கீழே அளவி என்ற கருவியை அந்த அலுவலகத்தார் புதைத்துவிடுவார்கள். உடம்பு கெடாமல் இருக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவதும் அதுதான், வயிற்றுக்குள் போனதை அளப்பதும் அதுதான். போனது கூடிவிட்டால் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நடக்கவிடும். குறையத் தின்று நிறைய நடந்தால் சாவே கிடையாது என்ற அளவுக்கு அது கொண்டுவந்துவிட்டது. நடக்க விருப்பமா என்று காலும் கேட்பதில்லை, அளவியும் கேட்பதில்லை.

பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சங்கரவடிவுக்கு வலது குதிகால் தூக்கியது.

"ஏட்டி சுஷ்மி! காலையிலயே நடந்துட்டேனே. மறுபடி இழுக்கு!"

"வாரைக் கட்டிக்கிட்டுப் போ. நல்லதுதான."

அந்தப் பதினாலாவது மாடியின் நடைபாதையில் கூரையோடு நீள வளையமாக ஒரு இரும்புத் தடம் ஓடுகிறது. தடத்திலிருந்து இடுப்பு வார்கள் தொங்கும். கிழடுகளை அதில் மாட்டிவிட்டால் விழமாட்டார்கள். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் கீச் கீச் என்று போய்வந்துகொண்டிருப்பார்கள். அடுத்த வீட்டு இசக்கியப்பன் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு நூற்றுப் பன்னிரண்டு.

"யக்கா, வெயிலு ஏறுன நேரத்துல வந்திருக்கிய?"

"என்னமோ கோளாறு தம்பி. காலை நடை முடிஞ்சிட்டு. வயித்துல ஒண்ணுமில்ல. தன்னால இழுக்கு."

"இன்னைக்கு வீட்டுல என்ன விசேஷம்?"

"அவரு தெவசம்."

"வடை போட்டியளோ?"

"போட்டா."

"சுஷ்மி எத்தனை தின்னா?"

"மூணு. அதுக்கென்ன இப்பம்?"

இசக்கியப்பன் வாரில் ஆடியபடி சிரித்தார். பல் இல்லாத சிரிப்பு. "அந்த மூணு வடைதான் இப்பம் நடந்துக்கிட்டிருக்கு, யக்கா."

"வெளங்குத மாதிரி சொல்லு."

"அவளும் நீங்களும் ஒரே கிளைன்னுதான சேத்திருக்கு? கிளைக்குள்ள யாரு தின்னா என்ன, யாரு நடந்தா என்ன? அளவிக்குக் கணக்கு நேராயிட்டா சரி. எம் மவன் பிரியாணிக் கடையில போயி உக்காந்தாம்னா நான் இங்கன பாளையங்கோட்டை மார்க்கெட்டு வரைக்கும் போயிட்டு வந்த மாதிரி ஆயிரும்."

"அவ பேருலயும் அளவி இருக்குல்லா. முட்டி வலின்னு ஆபீஸ்ல விட்டுட்டாவ போலன்னு நெனச்சேன்."

"ஆபீஸ்ல யாரையும் விடமாட்டாவ. உங்க மேல தூக்கி வச்சிருக்கா."

இரண்டு பேரும் எதிரெதிரே கடந்து போனார்கள். தடத்தின் கோடியில் திரும்பி மறுபடி பார்த்துக்கொண்டார்கள்.

"ஒனக்கு இது தெரிஞ்சும் சும்மாவா இருக்க?"

"நின்னு சண்டை போடணும்னு பாக்கேன். காலு நிக்க மாட்டேங்கே."

சங்கரவடிவுக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்கு ஒண்ணே ஒண்ணு தம்பி. ஒரு தரம் உளுந்தஞ்சோறு தின்னணும். எள்ளுத் தொவையல் வச்சு. அவருக்கு அந்த வாசமே ஆகாது. கல்யாணமான நாள்ல இருந்து எங்க வீட்டுல அதைப் பொங்குனதில்ல. அவரு போன பெறவு பொங்கலாம்னு இருந்தேன். வருஷம் திரும்புததுக்குள்ள எனக்கு எம்பது வந்துட்டு, அந்த வருஷந்தான் புதுசா வந்த இதைத் தச்சு வச்சிட்டாவ."

"நாக்கு இன்னும் இருக்கும்னா நெனைக்கிய?"

"என்னல சொல்லுத?"

"போன மாசம் பேத்தி வீட்டுல ஒரு வெல்லக்கட்டி களவாண்டேன். வாயில போட்டா கூழாங்கல்லு. இனிப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

"பீடி குடிச்ச நாக்கு. அது எப்பவோ செத்திருக்கும். எனக்கு வடை சுடுத வாசம் இன்னைக்கு நல்லா வந்துச்சே."

"வந்துச்சா, வந்த மாதிரி இருந்துச்சா?"

"போலே அங்கிட்டு" என்றாள் சங்கரவடிவு. அவர் எப்படியும் அங்கிட்டுத்தான் போய்க்கொண்டிருந்தார்.

கால் நின்று வீட்டுக்குள் வந்தபோது சுஷ்மிதா மெத்தையில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தாள்.

"நீ தின்னதுக்கா நான் நடக்கேன்?"

"யாரு சொன்னா? அந்த இசக்கிக் கெழவனா?"

"ஆமான்னு சொல்லு, இல்லன்னு சொல்லு."

சுஷ்மிதா குச்சியைக் கீழே போட்டாள். "நீதானம்மா சொன்ன."

"நானா?"

"எனக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சுல்லா. அப்பம் ஆபீஸ்ல இருந்து வந்த அம்மாகிட்ட நீதான அழுத. எம் பிள்ளை தின்னட்டும், அவளுக்கும் சேத்து நான் நடக்கேன்னு. அவுக எழுதிக்கிட்டுப் போனாவ."

சங்கரவடிவுக்கு ஞாபகம் வந்தது. கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்த எண்பத்திரண்டு வயதுப் பிள்ளை. தலைமாட்டில் உட்கார்ந்து முடியைக் கோதிவிட்டுக்கொண்டே சொன்னது. பெற்றவள் யாரும் சொல்வதுதான்.

"அது ஒரு மாசத்துக்குட்டி."

"மாசம் முடிஞ்சிட்டுன்னு நீ சொல்லலியே."

"முட்டி எப்பம் சரியாச்சு?"

"அது அப்பவே சரியாயிட்டு."

வெகு சாதாரணமாகச் சொன்னாள். வெளியே மழை நின்றுவிட்டது என்று சொல்வதுபோல. பன்னிரண்டு வருஷத்துக் கல்யாணம், காதுகுத்து, பொங்கல், தீபாவளி எல்லாம் சங்கரவடிவின் கெண்டைக்காலில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கின.

"எனக்குத் தெரியாமலே..."

"ஒனக்குக் கெடுதலா செஞ்சேன்? ஒன் இதயம் எழுவது வயசுக்காரி இதயம் மாதிரி இருக்குன்னு டாக்டர் சொல்லுதாவ. யாரால? என்னாலதான். நான் திங்கலைன்னா நீ இவ்வளவு நடந்திருப்பியா?"

"இந்த வருஷம் இருக்கியா போதுமான்னு ஆபீஸ்ல இருந்து கேக்க வரும்போது போதும்னு சொல்லிருவேன்."

சுஷ்மிதா எழுந்து உட்கார்ந்தாள். முகம் மாறிவிட்டது. "எம்மா, வெளையாட்டுக்குக்கூட அதைச் சொல்லாத. இந்தக் கிளைக்கு மூத்தவ நீதான் வேரு. மருந்து எல்லாருக்கும் போதாதுன்னுதான வேரு உசுரோட இருக்க கிளைக்கு மட்டும் குடுக்காவ. நீ போனாலும், போதும்னு சொன்னாலும் எனக்கும் அளவியை அமத்திருவாவ. அமத்துன பெறவு மூணு மாசம் தாண்டுனவுக யாரு இருக்கா, ஒருத்தரைச் சொல்லு பாப்போம்?"

"தொண்ணூத்தி நாலு வயசு பத்தாதா ஒனக்கு?"

"ஒனக்குப் பத்துச்சா?" என்றாள் சுஷ்மிதா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பெத்த பிள்ளையை நீயே கொன்ன மாதிரி ஆயிரும். பாத்துக்கோ."

இரண்டு வாரம் கழித்து இசக்கியப்பனின் மகனுடைய பேத்திக்குக் கல்யாணம். முந்தின நாள் பெண்ணழைப்புச் சாப்பாடு, காலையில் முகூர்த்தச் சாப்பாடு, சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு. மகனுக்கு எண்பத்தாறு வயது. சாப்பாட்டுப் பிரியன். கிழவரைக் கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. மண்டபத்தில் தடம் கிடையாதே.

மறுவீடு முடிந்த மதியம் சங்கரவடிவு தன் நடைக்காக வெளியே வந்தபோது இசக்கியப்பன் எதிரே வந்துகொண்டிருந்தார். தலை தொங்கியிருந்தது.

"தம்பி. ஏ இசக்கி! தூங்கிக்கிட்டேயா நடக்க?"

அவர் பக்கத்தில் வந்து கடந்து போனார். வாய் திறந்திருந்தது. கண்ணும் திறந்திருந்தது. கால் மட்டும் ஒழுங்காக, ஒன்று மாற்றி ஒன்று, எட்டு வைத்துக்கொண்டிருந்தது.

காலை நிறுத்த ஆபீஸிலிருந்துதான் ஆள் வர வேண்டும். வருகிறவரை அவர் போய்வந்துகொண்டிருந்தார். சங்கரவடிவின் நடையும் முடியவில்லை. இரண்டு தடவை எதிரே வந்தார். மூன்றாம் தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மகன் பட்டு வேட்டியோடு ஓடி வந்து மார்பில் அடித்துக்கொண்டான். "ஐயோ, எங் கிளை போச்சே! எங் கிளை போச்சே!" அப்பா என்று ஒரு தடவைகூட வாயில் வரவில்லை.

சுஷ்மிதா எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"மடப்பய. அளவாத் தின்னிருக்கக் கூடாதா? நான் எப்பிடிப் பாத்துப் பாத்துத் தின்னுதேன்! ஒரு நாளாவது ஒன்னைய அப்பிடி ஓடவிட்டிருக்கேனாம்மா?"

சங்கரவடிவு மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல. நீ நல்ல பிள்ளை."

ஆபீஸ் அம்மாள் ஆதிரை அந்த மாதக் கடைசியில் வந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை வந்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள். கேட்கும்போது வீட்டார் வெளியே நிற்க வேண்டும். வேர் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். அன்று விடிந்ததிலிருந்து சுஷ்மிதா அம்மாவுக்குத் தலை சீவி விட்டாள், புதுச் சேலை கட்டி விட்டாள், காலுக்கு எண்ணெய் தேய்த்தாள்.

"இருக்கேன்னு சொல்லணும். வேற ஒரு வார்த்தை பேசிராத. என்னம்மா?"

"சரிட்டி."

"என் மேல சத்தியம் பண்ணு."

"ஒன் மேல சத்தியம்."

கதவு சாத்தியதும் ஆதிரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வேரம்மா, நல்லா இருக்கீங்களா? இந்த வருஷமும் இருக்க விருப்பமா, போதுமா?"

"போதும்னு சொன்னா?"

"அளவியை நிறுத்திடுவோம். அப்புறம் எது வேணும்னாலும் சாப்பிடலாம். கொஞ்ச வாரம் இருப்பீங்க. வலி இருக்காது."

"எம் பிள்ளை?"

"அவங்களதும் நின்னுடும். அவங்க கொஞ்சம் கஷ்டப்படுவாங்க. உள்ளதைச் சொல்லணும் இல்லையா?"

"கஷ்டம்னா?"

"பசிக்கும்மா. சாப்பிடச் சாப்பிடப் பசிக்கும். உடம்பில ஒட்டாது."

 கதவுக்கு அந்தப் பக்கம் சுஷ்மிதாவின் செருப்பு தரையைத் தேய்க்கிற சத்தம் கேட்டது.

"அடுத்த வீட்டுத் தம்பி நடந்துக்கிட்டே செத்தான், தெரியுமா கண்ணு?"

"தெரியும்மா. வருத்தமான விஷயம். மகன் வகையா சாப்பிட்டுட்டார்."

"எங்க வீட்டுலயும் எல்லா நடையும் என் பேருலதான இருக்கு?"

"ஆமா. கிளைக்கு வேர் நடக்கும்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

"அதை மாத்த முடியுமா?"

ஆதிரை நிமிர்ந்து பார்த்தாள். "வேர் சொன்னா மாத்தலாம். எப்படி வேணும்னாலும் மாத்தலாம். இந்த வேலைக்கு வந்த நாள்ல இருந்து என்கிட்ட யாரும் கேட்டதில்லை."

"ஒருத்தருமா?"

"மகனுக்குத் தெரியாம அவன் நடையையும் என் கால்ல போட்டுடுங்கன்னு கேட்டவங்க உண்டு. எடுத்துடுங்கன்னு கேட்டவங்க கிடையாது."

"இப்பம் ஒருத்தி கேக்கா" என்றாள் சங்கரவடிவு. "காதைக் கொண்டா."

ஆதிரை போனதும் சுஷ்மிதா உள்ளே பாய்ந்தாள்.

"என்ன சொன்ன? என்னம்மா சொன்ன?"

"இருக்கேன்னு சொன்னேன்."

சுஷ்மிதா தரையில் உட்கார்ந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். உலர்ந்த கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சங்கரவடிவு மகளின் நரைத்த தலையைத் தடவிக் கொடுத்தாள். கை அது பாட்டுக்குத் தடவியது, பழக்கம்.

"ஒனக்கு என்ன வேணும்மா? கேளு. இன்னைக்கு என்ன கேட்டாலும் தாரேன்."

"உளுந்தஞ்சோறு பொங்கித் தா. எள்ளுத் தொவையல் அரைச்சு."

"அய்யய்யோ, அது ஒனக்கு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். யோசித்தாள். ஒரு நாள்தானே, நடக்கப்போவது யார் என்று அவளுக்கே தெரியும். "சரி. ஆனா ஒரு கரண்டிதான். பெறவு நீதான் நடக்கணும். என்னைய குத்தம் சொல்லப்பிடாது."

"சொல்லமாட்டேன்."

கறுப்பு உளுந்தைத் தொலியோடு வறுத்து, பூண்டு, வெந்தயம், சுக்கு போட்டு, தேங்காயைத் துருவிக் கொட்டிப் பொங்கினாள். எப்படிப் பொங்குவது என்று நாற்காலியில் இருந்தபடியே அம்மா சொல்லச் சொல்லச் செய்தாள். எள்ளை வறுத்து அரைத்தாள். குழிவாக ஒரு துவையல் உருண்டை, அதில் நல்லெண்ணெய். பானையை மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். ஆவி பறந்தது.

"வாசம் வருதாம்மா?"

"வருது."

வரவில்லை. பக்கத்தில் வைத்தால் வரும் என்று நினைத்தாள். பிசைந்தாள். தொண்ணூறு வருஷத்துக்கு மேலாக நினைத்து வைத்திருந்த முதல் கவளம். வாயில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். நாக்கின் நுனிக்குத் தள்ளினாள். ஓரத்துக்குத் தள்ளினாள். பூண்டு பல்லில் கடிபட்டது தெரிந்தது, பூண்டு என்று தெரியவில்லை. சுட்டது. அவ்வளவுதான். சாம்பல் பையைச் சூடு பண்ணித் தந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

கூழாங்கல் என்றான் இசக்கி.

விழுங்கினாள். தட்டைத் தள்ளியிருக்கலாம். கையைக் கழுவிக்கொண்டு, அந்த ஆபீஸ் பெண்ணைக் கூப்பிட்டு, போதும் என்று சொல்லியிருக்கலாம்.

"எப்பிடிம்மா இருக்கு?" கரண்டியோடு நின்றிருந்த சுஷ்மிதா ஆசையாகக் கேட்டாள்.

"நல்லா இருக்கு. இன்னொரு கரண்டி போடு."

"ஏ, காலு ஓடப்போவுது பாத்துக்கோ."

"ஓடட்டும்."

இரண்டாவது கரண்டியும் உள்ளே போன பிறகு சுஷ்மிதாவின் வலது குதிகால் தூக்கியது. அவள் குனிந்து பார்த்தாள். கால் முன்னால் போயிற்று. மேஜையைப் பிடித்தாள். இடது காலும் கிளம்பியது.

"எம்மா, காலு... எம்மா, எனக்கு இழுக்கு!"

"வாரைக் கட்டிக்கோ. விழுந்திரப்போற. இசக்கி வாரு சும்மாதான தொங்குது."

"என்ன செஞ்ச நீ? அந்த ஆபீஸ்காரிகிட்ட என்ன சொன்ன?"

"இருக்கேன்னு சொன்னேன். நீ சொல்லித் தந்ததைத்தான். கூட ஒரு வார்த்தை சேத்துச் சொன்னேன்."

"எம்மா, எனக்கு முட்டி!"

"அது அப்பவே சரியாயிட்டு."

கால் சுஷ்மிதாவை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. அழுதுகொண்டே வாரை மாட்டிக்கொள்கிற சத்தம், பிறகு தடத்தின் கீச் கீச். கதவு திறந்தே கிடந்தது. ஒவ்வொரு நடைக்கும் அவள் வாசலைக் கடந்து போவது தெரிந்தது.

"எம்மா, கை கழுவிரும்மா! போதும்மா!"

சங்கரவடிவு பானையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். கரண்டியால் வழித்துத் தட்டில் போட்டாள். துவையலைத் தொட்டுக்கொண்டாள்.

"ஒனக்கு நல்லதுதானட்டி. ஒன் இதயம் எழுவது வயசுக்காரி இதயம் மாதிரி ஆயிரும்."

"பெத்த பிள்ளைக்குச் செய்யுத காரியமா இது?"

மகள் போய்த் திரும்பி வருகிறவரை சங்கரவடிவு இன்னும் இரண்டு கவளம் தின்றாள். வயிறு முட்டிக்கொண்டு வலித்தது. நாற்பது வருஷமாகச் சுருங்கிப்போன வயிறு. மேலே மேலே தின்றாள்.

மறுபடி வாசலில் தெரிந்தபோது சுஷ்மிதாவுக்கு மூச்சு வாங்கியது. தலைமுடி அவிழ்ந்து முகத்தில் விழுந்திருந்தது. திட்டுவதை விட்டுவிட்டாள். மடியில் கிடந்த பானையையும் அம்மாவின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவ்வளவு ருசியாவாம்மா இருக்கு?"

சங்கரவடிவு வாயில் இருந்ததை மென்று முடித்தாள்.

"ருசியா இருக்கு மக்கா. நாளைக்கும் பொங்கு."